மணிக்கட்டில் ஒரு டெஸ்டர்

ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில், எதிரே வருபவரின் முகம் சரியாகத் தெரியாது. வீசி நடக்கும் கைகள் மட்டும் தெரியும். சில மணிக்கட்டுகளில் வாட்சின் அடியிலிருந்து ஒரு பச்சைக் கீற்று எட்டிப் பார்த்துவிட்டு மறையும். வார் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அப்படித்தான் கசியும். இரண்டு சுற்று முடித்து உட்கார்ந்ததும் கணக்குப் பேச்சு தொடங்கும். "எனக்கு நூத்திப் பத்து வரைக்கும் போச்சு." "எனக்குத் தொண்ணூறைத் தாண்டவே இல்ல, சார்." "இ.சி.ஜி. கூட இதுலயே எடுக்கலாமாம், பையன் துபாய்லருந்து வாங்கி அனுப்பினான்." "அப்ப ஆஸ்பத்திரிக்கே போக வேணாம்னு சொல்லுங்க!"

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நிஜமாகவே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அது எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் ஆபத்து என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு வாட்ச் கூடத் தேவையில்லை. உங்கள் போன் போதும். கேமராவை வீடியோவில் வைத்து, டார்ச்சை எரியவிட்டு, இரண்டையும் சேர்த்து விரல் நுனியால் மூடுங்கள். அழுத்தாமல், சும்மா தொட்டபடி. திரை முழுக்கச் செம்பருத்திச் சிவப்பாகிவிடும். பத்து விநாடி உற்றுப் பாருங்கள். அந்தச் சிவப்பு நிலையாக நிற்கவில்லை. லேசாகக் கருக்கிறது, வெளுக்கிறது, மறுபடி கருக்கிறது. இன்னொரு கையால் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே கதியில் போவது தெரியும். இதயத்தின் துடிப்பை நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமே அது பச்சை ஒளியை விழுங்கிவிடுவதுதான். வாட்சின் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இதயம் ஒரு முறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் பொங்குகிறது. பச்சை கூடுதலாக விழுங்கப்பட்டு, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த நொடிப்பொழுதில் ரத்தம் வடிகிறது, ஒளி கூடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் உணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களின் இறுதியில் ஒரு பல்பையும் ஒளிமின்கலத்தையும் வைத்து ஆராய்ந்த அதே உத்திதான். சித்த வைத்தியர் மூன்று விரலை வைத்து நாடி பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாட்சும் உட்கார்ந்திருக்கிறது. அவர் ரத்தத்தின் உந்தலைத் தொட்டு அறிகிறார். இது நிறத்தைப் பார்த்து அறிகிறது.

நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இது சரியாக வேலை செய்யுமா என்ற சந்தேகம் நியாயமானது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் ஒளியை விழுங்கும். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி கறுப்பினத்தவரிடம் ஆபத்தான குறைவைத் தவறவிடுவது, வெள்ளையரிடம் தவறவிடுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் நாடித்துடிப்பு எண்ணிக்கை விஷயத்தில் கதை வேறு. அதே ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத் தோல்களில் வாட்சுகளைக் கட்டிச் சோதித்தபோது, நிறத்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அசைவுதான் கெடுத்தது. ஓய்வில் இருப்பதைவிட, உடல் இயங்கும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. சி.டி.எச். ரோட்டில் குலுங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எடுத்த எண்ணை வைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று இதற்குப் பொருள்.

எண்ணிக்கை மட்டும் என்றால் இது வெறும் உடற்பயிற்சிக் கருவி. வாட்ச் மருத்துவத்தின் பக்கம் அடியெடுத்து வைத்தது இடைவெளிகளை அளக்கத் தொடங்கியபோதுதான்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்குப் பவர் பிரஸ் அடிக்கும் சத்தம் தாலாட்டு மாதிரி. ஒரே இடைவெளியில் விழும்வரை தூக்கம் கலையாது. நல்ல இதயமும் ஏறத்தாழ அப்படித்தான். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் விரைந்து, விடும்போது கொஞ்சம் தணியும், அவ்வளவே. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடுகிறது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. அந்தத் தாறுமாறான மின்துடிப்புகளில் சில மட்டும், எந்த வரிசையும் இல்லாமல், கீழறைகளுக்கு வந்து சேர்கின்றன. பிரஸ் சத்தம் நின்று, ஷீட் கூரையில் மழை விழுவது போலாகிவிடுகிறது நாடி.

பலருக்கு இது வந்திருப்பதே தெரியாது. கொஞ்சம் படபடப்பு, கொஞ்சம் அசதி, வயசாகிவிட்டது என்ற சமாதானம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நடுங்கும் மேலறையில் ரத்தம் ஓட்டமில்லாமல் தேங்குகிறது. குறிப்பாக இடது மேலறையின் மூலையில் இருக்கும் சிறு பை போன்ற பகுதியில் அது உறைகிறது. அந்த உறைகட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்விலிருந்து தெரிந்த விஷயம். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தால் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்கலாம். கோளாறு இருப்பது தெரிந்தால் அல்லவா மருந்து கொடுக்க?

இந்த இடத்தில்தான் வாட்சுக்கு வேலை வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்சை வைத்து 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. வாட்ச் எடுத்த எடுப்பில் கூச்சல் போடவில்லை. சுமார் ஒரு நிமிட நாடிப் பதிவுகளை எடுத்து, ஆறில் ஐந்து ஒழுங்கற்று இருந்தால் மட்டுமே எச்சரித்தது. அப்படி எச்சரிக்கை வந்தவர்கள் 2,161 பேர், அதாவது இருநூறு பேருக்கு ஒருவர். அவர்களுக்கு மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டை அனுப்பப்பட்டது. பட்டையைத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்குக் கோளாறு உறுதியானது. மற்ற எல்லாருக்கும் வாட்ச் பொய் சொன்னது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வந்து வந்து போகும் கோளாறு, பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வராமல் இருந்திருக்கலாம். பட்டை ஒட்டியிருந்தபோதே வாட்ச் மறுபடி எச்சரித்த தருணங்களில் 84 சதவீதம் சரியாக இருந்தது.

பச்சை விளக்கு நாடியைத்தான் பார்க்கிறது; இதயத்தின் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. விலை உயர்ந்த வாட்சுகளில் இருக்கும் இ.சி.ஜி. அதைப் பார்க்கிறது. அதன் முன்னோடியைத் தேடி நெதர்லாந்தின் லைடன் நகருக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

ஜாவாவின் செமராங் நகரில் பிறந்த வில்லம் ஐந்தோவன், இதயத்தின் மிகச் சன்னமான மின்னோட்டத்தை அளக்க, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். அந்த இழையைச் செய்த விதம் அலாதியானது. உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி வில்லால் எய்தால், அம்பு போகும் வழியெல்லாம் இழை நீளும்! இயந்திரத்தின் எடை 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். சோதனைக்கு வந்தவர் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இயந்திரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதயத்துடிப்பை 1905-இல் தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய தொட்டிகளுக்கு நடுவே மூன்று கோணங்கள் உண்டு: வலக்கை–இடக்கை, வலக்கை–இடக்கால், இடக்கை–இடக்கால். இவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் உங்கள் வாட்ச். இடது மணிக்கட்டில் வாட்சின் அடிப்பக்கம் படுகிறது. வலது கை விரலால் பக்கவாட்டுத் திருகைத் தொடுகிறீர்கள். வலது கை, நெஞ்சு, இடது கை என்று சுற்று பூர்த்தியாகிறது. தொட்டியின் உப்புத்தண்ணீருக்குப் பதில் உங்கள் விரலின் ஈரம். முப்பது விநாடியில் வரைபடம் வந்துவிடுகிறது. ஆப்பிள் இதை 2018-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவிலும் இந்த வசதி திறக்கப்பட்டது.

ஆனால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் இ.சி.ஜி. பன்னிரண்டு கோணங்களிலிருந்து இதயத்தைப் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒன்று. மீதிப் பதினொன்றில் என்ன இருக்கிறது?

பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மூன்று ஃபேஸில் ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால் உடனே நிற்பதில்லை. ஓடும். சத்தம் கொஞ்சம் மாறலாம், சூடேறும், கவனிக்காவிட்டால் காயில் கருகிப்போகும். அந்த நேரத்தில் ஒருவர் டெஸ்டரை எடுத்து ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் வைத்துப் பார்த்து, "கரண்ட் வருது, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வாட்ச் மாரடைப்பைப் பற்றிச் சொல்வதும் அப்படித்தான்.

மாரடைப்பு என்பது தாளத்தின் கோளாறு அல்ல. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. தசையின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும்போதும், துடிப்பு ஒழுங்காகவே இருக்கலாம். குறிப்பாக இதயத்தின் அடிச்சுவரில் ஏற்படும் மாரடைப்பு, காலிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணங்களில்தான் தெளிவாகத் தெரியும். அந்தக் கோணங்கள் வாட்சுக்குக் கிடையாது. சிலருக்குப் பன்னிரண்டு கோண இ.சி.ஜி.யே முதல் தடவை பிசகில்லாமல் இருந்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில்தான் மாரடைப்பு தெரியவரும். வாட்சைக் கழற்றி மார்பில் இடம் மாற்றி வைத்துப் பல கோணங்கள் எடுக்கலாமா என்று இத்தாலிய டாக்டர்கள் நூறு பேரிடம் முயன்று 2020-இல் நல்ல முடிவு கண்டார்கள். அது டாக்டர் கையில் நடந்த ஆராய்ச்சி. சாதாரணப் பயன்பாட்டில் இந்த வாட்ச் மாரடைப்பைத் தேடுவதே இல்லை என்று தயாரித்தவர்களே திரையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரவு ஷிஃப்டில் ஒருவரை வைத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கு நெஞ்சில் பாரம், இடது தோளில் இழுப்பு, குப்பென்று வியர்வை. பரோட்டா சாப்பிட்டது, கேஸாக இருக்கும் என்று நினைக்கிறார். சந்தேகத்துக்கு வாட்சில் விரல் வைக்கிறார். 'சைனஸ் ரிதம்' என்று வருகிறது. தாளம் சரி என்று அர்த்தம். ஒரு சோடா குடித்துவிட்டுப் பெஞ்சில் சாய்கிறார். பொய்யான எச்சரிக்கையைவிடப் பொய்யான ஆறுதல் எவ்வளவு மோசமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். நமக்கு இது தூரத்துப் பயமும் இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53; மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59.

அந்த இரவு ஷிஃப்ட்காரருக்குத் தேவையான ஏற்பாட்டைச் சோதித்துக் காட்டியதில் இதே அம்பத்தூர்ப் பக்கத்துக்குப் பங்கு உண்டு. முகப்பேரில் இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரியும் கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டரும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் அது; ஸ்டெமி என்பது ஒரு வகை மாரடைப்பின் பெயர். ஏற்பாட்டின் பெயர் 'ஹப் அண்ட் ஸ்போக்'. சைக்கிள் செய்தே பேர் வாங்கிய அம்பத்தூருக்கு அதை விளக்கவே வேண்டாம். நடுவில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி, சுற்றிலும் கம்பிகளாகச் சிறு ஆஸ்பத்திரிகள். சிறிய இடத்தில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய இடத்துக்குப் போகும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவதா, நேராக ஆம்புலன்ஸில் ஏற்றுவதா என்று நிபுணர் சொல்வார். 2012-க்கும் 2014-க்கும் இடையே 2,420 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின்னால் 14.2. புது மருந்து எதுவும் இல்லை. ஐந்தோவனின் ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பியை நீட்டி, அதன் இரு முனையிலும் என்ன செய்வது என்று தெரிந்தவர்களை நிறுத்தினார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இன்னும் கீழே இறங்கி வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகள் முதல் டோஸாகக் கொடுக்கப்படுகின்றன.

அப்படியானால் வாட்ச் நன்றாகச் செய்யும் அந்த ஒரு வேலைக்கே, தாளம் பார்ப்பதற்கே, திரும்புவோம். அதிலும் நம் நாட்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. மேலை நாடுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முதியவர்களின் நோய். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேடு ஒன்றில் நோயாளிகளின் சராசரி வயது 55-க்கும் கீழே. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்த மூட்டுவலிக் காய்ச்சல், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சுருங்கிய வால்வு, அதனால் வீங்கிய மேலறை, கடைசியில் தாளம் தப்புவது. வாட்ச் பார்ப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே. மருந்தும் அதைப் பொறுத்து மாறும். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் வால்வு நோயாளிகளுக்குப் புதிய மருந்தான ரிவரோக்ஸபானைவிடப் பழைய மருந்து வகையே அதிகம் பலன் தந்தது. வால்வு எப்படி இருக்கிறது என்பதை எக்கோ எடுத்துத்தான் சொல்ல முடியும், வாட்சால் முடியாது.

தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டிய 6,004 பேரில் நான்கில் ஒரு பங்கினருக்குத் தோலுக்கடியில் தாளம் பதியும் கருவியைப் பொருத்தினார்கள். அவர்களில் 31.8 சதவீதத்தினரிடம் கோளாறு பிடிபட்டது, மற்றவர்களிடம் 12.2 தான். மருந்தும் அதிகம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் 2021-இல் கணக்குப் பார்த்தபோது பக்கவாதம் நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சில நிமிடம் வந்து போகும் தாளப் பிசகும், நாள்கணக்கில் நீடிக்கும் பிசகும் ஒன்றல்ல போலும். எதற்கு மருந்து, எதற்குக் காத்திருப்பு என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.

ஆகவே தாளம் தப்புகிறது என்று வாட்ச் சொன்னால், முதலில் உட்காருங்கள். வாரை இறுக்கிக் கட்டி, கையை மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இ.சி.ஜி. வசதி இருந்தால் எடுத்துப் போனில் சேமித்து, ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, தெரிந்த டாக்டரோ, கொண்டுபோய்க் காட்டுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி என்றால் வாட்சைப் பார்க்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மலிவு வாட்சுகளில் பல பச்சை விளக்கோடு சரி, இ.சி.ஜி. என்று பெட்டியில் படம் இருந்தாலும், தொட்டு எடுக்கும் மின்முனை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் என்று சொல்லி விற்கும் வாட்சை நம்பவே கூடாது. அப்படிப்பட்ட எந்த வாட்சுக்கும் தான் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் பகிரங்கமாக எச்சரித்தது.

எஸ்டேட்டில் அனுபவப்பட்ட எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் டெஸ்டரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார். மங்கலாக எரிந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதே, டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதிப்படுத்து. எரியவில்லை என்பதற்காக மட்டும் கம்பியில் கை வைக்காதே. போனது டெஸ்டருக்குள் இருக்கும் பல்பாகக்கூட இருக்கலாம். அதற்காக அவர் டெஸ்டரை வீட்டில் வைத்துவிட்டு வருவதும் இல்லை. அது அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது.